வினையும் மருந்தும்

நோயாவது முன்னை வினையின் பயனாகலின் நுகர்ந்தே கழிக்கற்பாலது. அங்ஙனமாகப் பிறர் நோய்க்குப் பொருளீந்து மருந்து தேடுவித்தல் வினையின் வழியிற் குறுக்கிடுதலன்றோ என வினவுவார் சைவருள்ளும் சிலருளர். மல்லசமுத்திரத்துப் பருத்தி ஏலம் முடிந்து கையிற் பணம் புரளும் நாளில், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென ஒருவர் வந்து பொருள் வேண்டுவராயின், இவ்வினா எழாதிராது. கொடாமைக்கு அஃதொரு நல்ல போர்வை.

அணித்தேயுள்ள திருச்செங்கோடே இதற்கு விடை கூறும். கொடிமாடச் செங்குன்றூர் என்னும் அப்பதியில் ஆளுடைய பிள்ளையார் எழுந்தருளியிருந்த காலை, உடன்வந்த அடியாரைப் பனிச்சுரம் வருத்திற்று. பிள்ளையார் அதனை அவரவர் வினையென விடுத்துச் சென்றாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளித் தீர்த்தனர். அச்சுரம் அடியாரை மட்டுமன்றி அந்நாட்டையும் விட்டு நீங்கிற்று என்பது பெரியபுராண வரலாறு.

வினை சடமாகலின் தானே வந்து பொருந்தாது; இறைவன் கூட்டவே கூடும். நோயைக் கூட்டுதற்கு உடலும் காலமும் கருவியாதல் போல, அதனை நீக்குதற்கு மருத்துவனும் கருவியாவன். பிறனொருவனது பிராரத்தம் எத்துணை எஞ்சியதென அளந்தறிந்தார் யாவர்? அறியாது கைவிட்டவன் தனக்கு ஆகாமியம் ஈட்டினவனேயாம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் துயரோடு அமைந்திலர். மாதர் சங்கத்தாருடன் பொதுமக்களிடம் நிதி திரட்டினர். 1952-இல் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று.

சோறிடுவோன் உண்பானது முகத்தைக் காண்பன். ஆராய்ச்சிக்கு ஈவோனோ பயன்கொள்வாரைக் காணான் என்பர். அப்பூதியடிகள் தாம் அதுகாறும் காணாத திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தர் அமைத்தார். அங்கு நீருண்ட வழிப்போக்கர் எவ்வூரினர் என ஆராய்ந்திலர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்பு முழுவதையும் தசையோடு அறுத்தலே முறையாயிருந்தது. நோய் தொடக்க நிலையிலுள்ளார் பலர்க்குக் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்மருத்துவம் செய்தலும் உயிர்காத்தற்கு ஒத்ததே எனப் பின்னர்ப் பல்லாண்டு நிகழ்ந்த ஆய்வுகளால் தெளிந்தது. அவ்வாய்வுகளுக்கு உடன்பட்ட மாதரை இன்று பயன்பெறும் மாதர் அறியார்.

ஈதலினும் அரிய தடையொன்றுண்டு, அது நாணம். வலியில்லாத சிறு கட்டியைத் தாயிடமும் உரையாது மறைத்து, அது புண்ணாகிய பின்னரே மருத்துவரை நாடும் பெண்டிர் உளர். மாதொருபாகனை மலைமேற் கண்டு தொழும் நாட்டில் பெண்ணுடம்பைப் பற்றிப் பேச நாணுதல் வியப்பே. சூலைநோயுற்ற மருணீக்கியார், தாம் சமயம் மாறியதற்கு நாணியும் நோயை மறைத்திலர். தமக்கையார் திலகவதியார்க்கு ஆள் போக்கி உரைப்பித்தனர்.