பெயர் நிலைத்தது, விசுவாசம்?



கி.மு. 146-ம் ஆண்டில் உரோமையர் கார்த்தாகோ பட்டணத்தை அழித்து, அந்நாட்டைத் தங்கள் மாகாணமாக்கி, இலத்தீனில் "ஆப்பிரிக்கா" என்று பெயரிட்டார்கள். இன்றைய துனீசியாவின் ஒரு பாகமே அது. அச்சிறு மாகாணத்தின் பெயரே பிற்காலத்தில் ஒரு கண்டத்தின் பெயராயிற்று. ஆனால் அங்கிருந்த திருச்சபை என்னவாயிற்று?

கி.பி. 180-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, சில்லி ஊரார் பன்னிருவர் கார்த்தாகோவில் தேசாதிபதி முன் நின்றார்கள். யோசிக்க 30 நாள் தவணை தருவதாக அவன் சொல்லியும் ஏற்காமல் உயிரைக் கொடுத்தார்கள். 203-ல் அர்ச். பெர்பேத்துவம்மாள், தகப்பனார் கெஞ்சியழுதும், கைக்குழந்தையைப் பிரிந்து வேதசாட்சியானாள். 411-ல் கார்த்தாகோவில் கூடிய சபைக்கு வட ஆப்பிரிக்காவெங்குமிருந்து வந்த மேற்றிராணிமார், பிரிவினைக்காரரையும் சேர்த்து, 500-க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் அர்ச். அகுஸ்தீன்.

1076-ம் ஆண்டிலோ, ஒரு புதிய மேற்றிராணியாரை அபிஷேகம் செய்யத் தேவையான மூன்று மேற்றிராணிமார்கூட அங்கே இல்லையென்று ஏழாம் கிரகோரி பாப்பானவர் துக்கித்து எழுதினார்!

439-ல் வாந்தலரும், 698-ல் அராபியரும் கார்த்தாகோவைப் பிடித்தது மெய்தான். ஆனால் எகிப்தும் அராபியர் ஆளுகைக்குள் வந்ததே; அங்கே கோப்து கிறீஸ்தவர்கள் இன்றளவும் நிலைத்திருக்கிறார்களே! ஏன்? உட்பிரிவினையோடு வேறொரு காரணத்தையும் சரித்திர ஆசிரியர் பலர் காட்டுகிறார்கள். எகிப்தில் வேதாகமமும் செபமும் குடியானவனின் சொந்தப் பாஷையில் வேரூன்றியிருந்தன. ஆப்பிரிக்காவிலோ பெரும்பாலும் பட்டணத்து இலத்தீனோடு நின்றுவிட்டன. கோவிலில் இருந்தது, குடிசை அடுப்பங்கரைக்குப் போய்ச் சேரவில்லை.

பெற்றோரே, நமக்குச் செபமும் பூசையும் தமிழில்தான் நடக்கின்றன. ஆனாலும் அர்த்தம் அறியாத பிள்ளைக்குத் தமிழும் இலத்தீன்தான். ஞானஸ்நானப் பெயரை வைத்துவிட்டோம், ஞானோபதேச வகுப்புக்கு அனுப்பிவிட்டோம், கடமை தீர்ந்தது என்றிராதேயுங்கள். நிலத்தைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கலாம். விசுவாசத்தை வாய் திறந்து சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

இன்றிரவு செபமாலை முடிந்தபின் பிள்ளையை அருகே அழைத்து, பரலோக மந்திரத்தில் ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் கேளுங்கள். தெரியாவிட்டால் அடிக்க வேண்டாம். நீங்களே பொறுமையாய்ச் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள்.

பேரப்பிள்ளைகளிடம் பெயர் மாத்திரமல்ல, விசுவாசமும் நிலைத்திருக்கும்படி சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.