தகப்பனைக் கேட்ட கேள்வி



அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனைச் சேசுநாதர் சுவாமியிடம் கொண்டுவருகிறான். பையனுக்குப் பேச்சில்லை, திடீரென்று கீழே விழுவான், வாயில் நுரை தள்ளும். அவனைக் குணமாக்குமுன் நம் ஆண்டவர் தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: எவ்வளவு காலமாக இவனுக்கு இப்படி இருக்கிறது என்று. அந்தத் தகப்பன் தடுமாறவில்லை. சிறு பிராயத்திலேயே தொடங்கினதையும், பிள்ளை நெருப்பிலும் தண்ணீரிலும் எத்தனையோ தடவை விழுந்ததையும் சொல்லுகிறான். கூட இருந்து பார்த்தவனுக்கல்லவோ இதெல்லாம் தெரியும்!

மனைவியை விட்டுப் பிரிந்து வாழும் ஒரு தகப்பனிடம் இன்று அதேபோல் விசாரித்தால் என்ன ஆகும்? "உன் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் யார்? தாகம் எடுத்தால் அவள் என்ன சைகை காட்டுவாள்? பஸ் ஹாரன் கேட்டதும் ஏன் காதைப் பொத்திக்கொள்ளுகிறாள்?" இவற்றுக்குப் பதில் வருமா?

நம் மலையில் குடும்பங்கள் பிரிவது பலவிதம். கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்தவர்கள் உண்டு. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்தபோது திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய், வாரம் ஒருமுறை வந்து, பிறகு மாதம் ஒருமுறை வந்து, கடைசியில் வராமலே நின்றுபோனவர்களும் உண்டு. எஸ்டேட் லைன் வீட்டில் தாய் மட்டும் மிஞ்சுகிறாள். பிள்ளையைப் பயிற்சிக்காகக் குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ வட்டார வள மையத்துக்கு அழைத்துப்போகும் நாளில், அவள் கொழுந்தெடுக்கும் கூலி போய்விடுகிறது.

"நான்தான் பணம் அனுப்புகிறேனே" என்று சிலர் சொல்லக்கூடும். பணம் அனுப்புவது கடமை; அதைத் தவறாமல் அனுப்புகிறவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளையோ, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளையோ எப்படிக் கற்றுக்கொள்ளுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே காரியத்தை ஒரே விதமாகப் பலமுறை செய்தால்தான் அதன் மனதில் பதிகிறது. தண்ணீர் வேண்டுமானால் இந்தப் படத்தை எடுத்துக் காட்டு என்று சிறப்பாசிரியர் பழக்குகிறார். தாய் வீட்டிலும் அப்படியே செய்கிறாள். தகப்பன் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, படமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஒன்று, கேட்குமுன்பே எல்லாம் கையில் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் வாய் திறந்து கேள் என்று அதட்டுகிறார்கள். திங்கட்கிழமை டீச்சர் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஆதலால் வீடு இரண்டானாலும் பாடம் ஒன்றாக இருக்க வேண்டும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1154-ம் சட்டம், தம்பதிகள் பிரிந்தபின்னும் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு எப்போதும் இருக்க வேண்டுமென்று கட்டளையிடுகிறது. நாட்டின் சட்டமும் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. ஆனால் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்கு அலையவும், டீச்சரோடு உட்கார்ந்து பேசவும் சட்டம் வராது; தாய் தகப்பன்தான் வர வேண்டும்.

இனி, பிள்ளையை வைத்திருக்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. தேவாலயத்தில் காணாமற்போன சேசுபாலனை மூன்றாம் நாள் கண்டபோது, தேவமாதா தாங்கள் இருவரும் தேடின துயரத்தைச் சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்லும்போது அர்ச். சூசையப்பரை முன்னே சொல்லி, தம்மைப் பின்னே சொல்லுகிறார்கள். உங்கள் மனத்தாங்கல் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனாலும் பள்ளிக்கூடத்துக் கூட்டம் எந்தத் தேதி என்பதைத் தகப்பனுக்கு மறைக்காதீர்கள். பாப்பரசர் பிரான்சீஸ் 2016-ம் ஆண்டு அர்ச். சூசையப்பர் திருநாளில் கையெழுத்திட்ட குடும்பத்தைப் பற்றிய நிருபத்தில், பிரிந்த பெற்றோர் பிள்ளையைப் பிணையாகப் பிடித்துவைக்கலாகாது என்று மிகவும் வற்புறுத்தினார். அடிக்குப் பயந்து பிரிந்தவள் கதவைத் திறந்தே ஆகவேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆபத்துள்ள இடத்தில் பிரிந்து வாழ 1153-ம் சட்டமே இடங்கொடுக்கிறது. அப்படிப்பட்டவர்கள் கோர்ட்டு உத்தரவுப்படி நடந்து, தங்களையும் பிள்ளையையும் காத்துக்கொள்ளட்டும்.

இரு வீட்டுப் பெரியவர்களே, "உங்கள் வம்சத்துக் குறை", "அவள் வந்த நேரம்" என்று பேசுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று நம் ஆண்டவர் தீர்த்துச் சொன்னார். அவர் தள்ளின குற்றச்சாட்டை நாம் எடுத்துவைக்கலாமா?

பங்குக்கும் கடமை உண்டு. உடலிலோ மனதிலோ குறையுள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைமைக்கு ஏற்றபடி ஞான உபதேசம் கிடைக்கச் செய்வது பங்குக்குருவின் பொறுப்பென்று 777-ம் சட்டம் சொல்லுகிறது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு மந்திரம் மனப்பாடம் வராது என்று வீட்டில் நிறுத்திவைக்காதீர்கள், அழைத்து வாருங்கள். ஆண்டவர் எழுந்தருளியிருக்கும் அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறிந்து வணங்கப் பழக்குவோம். புதுநன்மை நாளில் தாய் ஒரு பக்கமும் தகப்பன் மறு பக்கமும் நிற்கட்டும். நீங்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டுமென்றுகூட நான் கேட்கவில்லை, பிள்ளைக்காக நில்லுங்கள்.

தூரத்தில் இருக்கும் தகப்பனே, இந்த வாரம் மூன்று காரியம் செய். டீச்சருக்கு டெலிபோன் செய்து, பிள்ளை இப்போது என்ன பழகுகிறது என்று கேள். அதே படங்களில் ஒரு பிரதி வாங்கி உன் அறையில் வை. மாதத்தில் ஒரு பயிற்சி நாளுக்கு நீயே மலையேறி வந்து பிள்ளையை அழைத்துப்போ. அன்று தாய் தன் கூலியை இழக்காமல் வேலைக்குப் போகட்டும். உன் பிள்ளையைக் குறித்து ஆண்டவர் ஒரு நாள் உன்னிடமும் கேட்பார். சுவிசேஷத்துத் தகப்பனைப்போல் பதில் சொல்ல உனக்கும் வரப்பிரசாதம் கிடைப்பதாக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமியார்