இருட்டறையில் இல்லாத இருட்டு

1950 ஏப்ரல் 14, இரவு 8.47. ரமண மகரிஷி உடலை விட்ட அதே நிமிடத்தில் வானத்தில் வால் நீண்ட ஓர் ஒளி நகர்ந்துபோனதை எங்கள் திருவண்ணாமலையில் பலர் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான். மாக்னம் புகைப்பட அமைப்பை 1947-ல் நண்பர்களோடு தொடங்கியவர். காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துவிட்டு வந்தவர். லைக்கா கேமராவைக் கையில் இன்னொரு விரல்போல வைத்திருந்த மனிதர். அந்த ஒளியைக் கண்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். ரமணரின் கடைசி நாட்களை அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. ஒளியின் படம் இல்லை.

ஸ்டுடியோவை எனக்கு விட்டுப்போன சித்தப்பா இதைச் சொல்லும்போதெல்லாம், “அவருக்கே கெடைக்கலடா, நமக்கென்ன” என்று முடிப்பார். வியாபாரத்தில் மனம் சோர்ந்தவனைத் தேற்ற அது போதும். எனக்குப் போதவில்லை. ஒரு படம் கிடைக்கிறது என்றால் அதைக் கிடைக்கச் செய்தது யார்? மாதக்கணக்கில் ஒன்றும் தேறாமல் போகிறதே, அதைத் தடுப்பது யார்? என் உழைப்பு என்றால் வறண்ட காலத்திலும் நான் அதே உழைப்பைத்தானே போட்டேன். அருள் என்றால் அது ஏன் இப்படிக் கண்ணாமூச்சி ஆடுகிறது?

வள்ளுவரிடம் போனால் அவர் இரண்டு பக்கமும் பேசுகிறார். 38-ஆம் அதிகாரத்தில் ஊழைவிட வலியது எது என்று கேட்டவர், 62-ஆம் அதிகாரத்தில் உழைப்பவன் ஊழையே புறங்காட்டி ஓடச் செய்வான் என்கிறார். இரண்டையும் சமாதானப்படுத்த அவர் மெனக்கெடவே இல்லை. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் வறட்சியில் இருப்பவனுக்கு அது உதவாது.

எனக்கு உதவியது எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்துகிறார். உமாபதி சிவம் 14-ஆம் நூற்றாண்டில் எழுதிய திருவருட்பயனைப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பி, “ஸ்டுடியோக்காரரே, இருட்டைப் பத்தி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்” என்றார். அன்று அந்த நூலில் படித்த குறளின் கருத்து இது: இருள் பிற பொருள்களை மறைக்கும், ஆனால் தன்னை மறைக்காது, ‘இருட்டாக இருக்கிறது’ என்றாவது நமக்குத் தெரியும். ஆணவம் பொருளையும் மறைக்கும், தான் மறைத்துக்கொண்டு நிற்பதையும் மறைக்கும்.

நான் வளர்ந்ததே மாடிப்படிக்கு அடியில் இருந்த டார்க் ரூமில். பிலிமை டேங்கில் சுற்றும்போது சிவப்பு பல்புகூடக் கூடாது, கும்மிருட்டு. விரல் நுனியால் பிலிமின் ஓரத்தைத் தடவித் தடவி ரீலில் ஏற்ற வேண்டும். ஆனால் அந்த இருட்டில் எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. இருட்டு என்று தெரியும், அதனால் கை கவனமாக இருக்கும். குழப்பமெல்லாம் பட்டப்பகலில், கிரிவலப் பாதையில் கேமராவோடு நிற்கும்போதுதான். மலை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, சாமியார்கள் இருக்கிறார்கள், மாடுகள் இருக்கின்றன. எதுவும் தெரியவில்லை. எது மறைக்கிறது என்பதும் தெரியவில்லை. லென்ஸைக் குறை சொன்னேன். ஊரைக் குறை சொன்னேன். கூட்டம் பெருகிவிட்டது, மலையைச் சுற்றி கட்டடம் வந்துவிட்டது என்றேன். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் என் படம் வராததற்கு அவை காரணம் இல்லை.

இதில் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். கூலிக்கு எடுக்கும் படத்துக்கு வறட்சியே கிடையாது. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவரை உட்கார வைக்கிறேன், “தாடையைக் கொஞ்சம் எறக்குங்க” என்கிறேன், எடுக்கிறேன். ‘இன்றைக்கு எனக்கு மனசு கூடவில்லை, நாளைக்கு வாங்க’ என்று எந்த ஸ்டுடியோக்காரனும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியதில்லை. ஏனென்றால் அந்தப் படத்தில் என் பெயர் இல்லை. வருகிறவருக்கு அவர் முகம் வேண்டும், அவ்வளவுதான். நான் குறுக்கே நிற்பதற்கு அங்கே இடமே இல்லை. என்னுடைய படம் என்று ஒன்றை எடுக்கப் போகும்போதுதான் மலைக்கும் எனக்கும் நடுவில் நான் போய் நின்றுகொள்கிறேன்.

‘அப்படியானால் காலமெல்லாம் பாஸ்போர்ட் படமே எடு, ஆணவம் ஒழிந்துவிடும்’ என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் சரிவராது. மனசில் நிற்கிற படம் எதுவும் அந்த நாற்காலியில் கிடைத்ததில்லை. ஆசையோடு அலைந்தபோதுதான் கிடைத்தது. இந்த முடிச்சை வகுப்பில் கேட்டேன். ஐயா மெய்கண்டாரின் சிவஞானபோதத்தைக் காட்டினார். அதில் இருப்பதே 12 சூத்திரம். பதினொன்றாவது கண்ணைப் பற்றிப் பேசுகிறது. கண் தானாகப் பார்ப்பதில்லை. உயிர் கண்ணுக்குக் காட்டுகிறது, கூடவே தானும் காண்கிறது. அதேபோல் உயிருக்கு இறைவன் காட்டுகிறான், கூடவே தானும் காண்கிறான். எனக்கு இதில் பிடித்தது அந்தக் ‘கூடவே’தான். கண் வேண்டாம் என்று அந்தச் சூத்திரம் சொல்லவில்லை. கண் திறந்திருக்கத்தான் வேண்டும். காட்டுகிறவன் தானே என்று கண் நினைத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னை நிதானப்படுத்தியது. சித்தாந்தப்படி ஆணவம் அழிவதே இல்லை. முத்தியிலும் அது இருக்கும், அதன் சக்தி மட்டும் அடங்கிக் கிடக்கும். முத்தியிலேயே அப்படியென்றால், ஒரு நல்ல ரோல் எடுத்துவிட்டதால் எனக்கு விடுதலை வந்துவிடுமா? படம் நன்றாக வந்த மறுநாளே ‘நான் எடுத்தேன்’ என்பது தலையைத் தூக்கும். மறுபடி வறட்சி. இந்த ஏற்ற இறக்கம் எனக்கென்று வந்த சாபம் அல்ல, இது இயல்பு என்று புரிந்தபோது பாதி பாரம் இறங்கியது.

இறங்காத மீதிப் பாரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. எங்கள் ஊர்க் கதையிலேயே அது உண்டு. நெருப்புத் தூணாக நின்ற சிவனின் முடியைக் காணாத பிரம்மா, கண்டதாகச் சொல்லத் தாழம்பூவைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார். அந்தத் தாழம்பூ இன்றும் கிடைக்கிறது. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையில் ஜோதி ஏறும். கோயிலும் ஊரும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. ராஜகோபுரத்தையும் தீபத்தையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டுமானால் மேற்கே பார்த்து நிற்க வேண்டும். பௌர்ணமி நிலா அந்நேரம் உங்கள் முதுகுக்குப் பின்னால், கிழக்கே எழுந்துகொண்டிருக்கும். ஆனாலும் கோபுரம், தீபம், தீபத்துக்குப் பக்கத்திலேயே தட்டு மாதிரி முழுநிலா என்று வருடாவருடம் படங்கள் சுற்றுகின்றன. எல்லாம் ஒட்டுவேலை. கார்த்திகை எங்களுக்கு மழை மாதம்; மேகம் மலையை மூடிவிட்டால் காத்திருந்த அத்தனை பேரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அந்த வெறுங்கையைப் பொறுக்க முடியாதவன்தான் தாழம்பூவைத் தேடிப் போகிறான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. அமெரிக்காவில் கேரி வினோகிராண்ட் என்ற தெருப் புகைப்படக்காரர், எடுத்த பிலிமை ஒரு வருடம்போலக் கழுவாமல் வைத்திருப்பார். எடுத்த நேரத்து மகிழ்ச்சி படத்தைப் பற்றிய தீர்ப்பில் கலந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்பார்கள்: நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒன்றுபோல் பார்க்கும் நிலை. வினோகிராண்ட் அதன் வாசல்வரை போனார் என்றே நினைக்கிறேன். ஆனால் 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்களே சுமார் 2,500 கிடந்தன. அவற்றைக் கழுவிப் பார்த்துக் கண்காட்சி வைத்த நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் ஜான் சர்க்காவ்ஸ்கிக்கு அந்தக் கடைசிக் கால வேலை ஏமாற்றமாகத்தான் இருந்தது. பலனை விட்டுவிடுவது வேறு, பார்ப்பதையே விட்டுவிடுவது வேறு. பின்னது பற்றின்மை ஆகாது. ஷட்டரை அமுக்கிக்கொண்டே இருப்பதும் ஒரு பழக்கம், பீடி மாதிரி.

கார்ட்டியர் பிரெஸ்ஸான் என்ன செய்தார்? ஜப்பானிய வில்வித்தை பற்றி ஹெரிகல் என்பவர் எழுதிய சிறு நூலை அவர் பெரிதாக மதித்தார். அம்பை விடுகிறவன் ‘நான் விடுகிறேன்’ என்பதை விட்டால்தான் அம்பு சரியாகப் போகும் என்பது அந்த நூலின் சாரம். 1970-களில் கேமராவைப் பெரும்பாலும் ஓரம்கட்டிவிட்டுப் பென்சிலால் வரையத் தொடங்கினார். உலகமே உச்சத்தில் வைத்துக் கொண்டாடிய மனிதர், மாணவனைப்போல் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவருடைய பிரபலமான படங்களைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது இளைஞர்கள் வந்து, “அண்ணே, ஒண்ணுமே வரமாட்டேங்குது” என்று உட்காருகிறார்கள். புது லென்ஸ் வாங்கலாமா, லடாக் போகலாமா என்று கேட்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். கொஞ்ச நாளைக்கு அடுத்தவருக்குத் தேவைப்படும் படத்தை எடுங்கள். முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் பாட்டிகளை எடுங்கள். பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் பிள்ளைகளை எடுங்கள். அந்த முகங்களை ஒழுங்காகப் பாருங்கள், பிறகு மலைக்குப் போங்கள். பாட்டிகளிடம் காசு வாங்காவிட்டாலும் பள்ளிக்கூடத்திடம் கட்டாயம் வாங்கிவிடுங்கள்.