கவசமும் வணிகமும்

போர்வீரனின் உயிரைக் காக்கும் கவசத்தை விற்றுப் பொருளீட்டுவது அறமாகுமா? பிறர் அச்சத்தில் பிழைப்பு நடத்துவது இழிவு என்பர் ஒரு சாரார். உயிர் காக்கும் தொழில் எதுவாயினும் உயர்ந்ததே என்பர் மற்றொரு சாரார். அண்மைக் கால வரலாறு ஒன்றை நோக்கின் இவ்வினாவுக்குத் தெளிவு பிறக்கும்.

2003ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைகள் ஈராக்கினுள் புகுந்தன. சாலையோரம் புதைக்கப்பட்ட குண்டுகள் வீரர் பலரைப் பலிகொண்டன. தட்டையான அடிப்பகுதி கொண்ட வண்டிகள் வெடியின் வேகம் முழுவதையும் நேரே ஏற்றன. அடிப்பகுதியை 'வி' வடிவில் அமைத்தால் அவ்வேகம் இருபுறமும் சிதறும், உள்ளிருப்போர் பிழைப்பர். தென்னாப்பிரிக்காவில் 1970களிலேயே செயலிற் கண்ட உண்மை இது. 2005 பிப்ரவரியில் ஈராக்கிலிருந்த மரீன் படைத் தளபதிகள் இத்தகைய வண்டிகள் 1,169 வேண்டுமென அவசரமாகக் கேட்டனர். எனினும், 2007 மே மாதத்தில்தான் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் இதனைத் தலையாய பணியென அறிவித்தார்.

அவ்வாண்டில் போர்ஸ் புரொடெக்‌ஷன், நேவிஸ்டார், பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் முதலிய நிறுவனங்கள் ஒப்பந்தங்களுக்காகப் போட்டியிட்டன. மேரிலாந்து மாநிலத்து அபர்டீன் சோதனைக் களத்தில் அவற்றின் வண்டிகள் வெடிவைத்துச் சோதிக்கப்பட்டன. அங்கே விளம்பரச் சொல் எடுபடவில்லை. இரும்பின் உறுதியே பேசிற்று. பின்வந்த சில ஆண்டுகளில் 27,000க்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. எண்ணற்ற உயிர்கள் தப்பின. பிறர் உடைமையையும் தன்னுடையதுபோல் கருதுவதே வணிக அறம் என்பது வள்ளுவர் கருத்து. பிறர் உயிரையும் அவ்வாறே கருதிக் கவசம் செய்பவன் பெறும் ஊதியம் பழிக்கத்தக்கதன்று.

ஆயின், பழி எங்கே தங்குகிறது? வடிவம் முன்பே இருந்தது. செய்யவல்ல தொழிற்சாலையும் இருந்தது. இரண்டாண்டுகளுக்கு மேலாக இல்லாதிருந்தது, வாங்க வேண்டும் என்னும் துணிவே. போட்டி, பொருளின் தரத்தையும் விலையையும் உறுதி செய்யவல்லது. உயிரைக் காக்க வேண்டுமா என்பதை அது உறுதி செய்யாது. அது மனச்சான்றின் வேலை.

இன்னுமொன்று உண்டு. அதே சாலையில் ஈராக்கியத் தாயும் சேயும் நடந்தனர். அவர்களுக்குக் கவசம் கோரி எவரும் ஒப்பந்தம் எழுதவில்லை. ஆதலின் எந்த நிறுவனமும் போட்டியிடவில்லை. பணம் உடையோனின் குரலுக்கே சந்தை செவிசாய்க்கும். குரலற்றோர்க்காகப் பேச வேண்டியது அறம். அதனை வணிகனிடம் ஒப்படைத்துவிட்டு வாளாவிருத்தல் மக்கட் பண்பாகாது.