தொடுமுன் ஒரு கேள்வி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறார் என் பழைய மாணவர். திருநம்பி. மூன்று மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. மகப்பேறு மருத்துவரிடம் தனியாகப் போகப் பயந்து என்னைத் துணைக்கு அழைத்தார். இந்தக் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

காத்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஆதார் அட்டையில் இருந்த பெயரை நர்ஸ் உரக்கக் கூப்பிட்டார். இவர் எழவில்லை. மூன்றாம் முறை எழுந்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. உள்ளே, “பேண்டைக் கழட்டிட்டுப் படுங்க” என்றார்கள். என்ன ஸ்கேன், எந்த வழியாக என்று யாரும் சொல்லவில்லை. சிறுவயதில் பட்ட காயம் ஒன்றை அந்த உடம்பு மறக்கவில்லை. அவர் உறைந்து நின்றார். உதவுவதாக நினைத்து நான் வாயைத் திறந்தேன்: “டாக்டர், இவர் திருநம்பிங்க.” மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆபரேஷன் ஆச்சா, கல்யாணம் ஆச்சா, வீட்டுக்குத் தெரியுமா என்று விசாரித்தார். உதிரப்போக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஸ்கேன் எடுக்காமலே வந்துவிட்டோம்.

பஸ் ஸ்டாப்பில் அவர் சொன்னார்: “அவங்க கேக்காம தொட வந்தாங்க. நீங்க கேக்காம சொல்லிட்டீங்க மேடம்.”

நல்ல எண்ணம் இருந்தால் அனுமதி தேவையில்லை என்று நானும் நம்பியிருக்கிறேன். மருத்துவர்களின் நம்பிக்கையும் அதுதான். “இவர்களைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தரவில்லை” என்கிறார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒருவரைப் புரிந்துகொண்ட பிறகுதான் அவரிடம் அனுமதி கேட்க முடியுமா? செய்யப்போவதை முன்பே சொல்வது, நிறுத்து என்றால் நிறுத்துவது, வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன் போதுமென்றால் அதோடு விடுவது: இதற்கெல்லாம் தனிப்படிப்பு வேண்டாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. பரிசோதனைக்கு மாதிரியைத் தாமே எடுத்துத் தரும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் எடுத்து மாதவிடாய் நின்றவருக்கும் கரு தங்கலாம். அதைச் சொல்லவேண்டிய அறையின் வாசலிலேயே அவர் திரும்பிப் போனால், யார் சொல்வது?

சட்டம் பேசாமல் இல்லை. 2014-இல் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், திருநரின் உடல்நலத் தேவைகளுக்காக மருத்துவப் பாடத்திட்டத்தை மறு ஆய்வு செய்யச் சொன்னது. 2021-இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மருத்துவப் பாடநூல்களைக் கேள்விக்கு உட்படுத்தினார். 2023 பிப்ரவரியில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் திருநம்பி சஹத் குழந்தை பெற்றார். பிறப்புச் சான்றிதழ் அவரைத் ‘தாய்’ என்றது. ‘பெற்றோர்’ என்று மட்டும் எழுதுங்கள் என அவர்கள் கேட்டும் கிடைக்கவில்லை; 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே வழி பிறந்தது.

பெண்களுக்கான நூலில் இது எதற்கு என்று கேட்கும் தோழிகளுக்கு ஒன்று சொல்வேன். நம்மை மட்டும் யார் கேட்டார்கள்? இருவிரல் பரிசோதனை அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லியும், 2022-இல் மறுபடி சொல்லவேண்டியிருந்தது. பிரசவ அறையில் எத்தனை கைகள் என்னைச் சோதித்தன என்று எனக்கே கணக்கில்லை. அதற்கு வைத்தியம் என்று பெயர் வைத்துப் பழகிக்கொண்டேன். ஆனால் அவர் வலியும் என் வலியும் ஒன்றல்ல. என்னை அந்த அறை என் பெயரால்தான் கூப்பிட்டது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர். “உங்கள எப்படிக் கூப்பிடட்டுங்க?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அதை இவரே வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரட்டுமா என்று இந்த முறை கேட்டிருந்தேன், வேண்டாங்க என்றிருந்தார்.