கோட்டோரத்தில் காத்திருந்தவர்

1996 ஜூன் 22. தென் இத்தாலியின் ஃபோஜ்ஜா நகர மைதானம். அப்ருஸோ மலைநாட்டுச் சிற்றூரான காஸ்தெல் தி சாங்ரோவின் அணி, ஒரு காலத்தில் முதல் பிரிவிலேயே ஆடிய அஸ்கோலியை எதிர்த்து நிற்கிறது. வெல்பவருக்கு இத்தாலியக் கால்பந்தின் இரண்டாம் பிரிவான சீரி பி திறக்கும். தொண்ணூறு நிமிடம் போயிற்று. கூடுதல் நேரமும் வடிந்துகொண்டிருக்கிறது. இருபக்கமும் கோல் விழவில்லை. இனிப் பெனால்டிதான் என்று அரங்கம் மூச்சைப் பிடித்திருக்கும் கடைசிக் கணத்தில், பயிற்சியாளர் ஓஸ்வால்தோ யாகோனி தன் கோல்கீப்பரை மாற்றுகிறார். ரொபெர்த்தோ தெ யூலிஸ் வெளியே வருகிறார். பியெத்ரோ ஸ்பினோசா உள்ளே போகிறார். அந்தப் பருவம் முழுவதும் ஒரு நிமிடம்கூட ஆடாதவர் அவர்.

அன்று பெனால்டியில் காஸ்தெல் தி சாங்ரோ 7-6 என்று வென்றது. கடைசி உதையைத் தடுத்தவை ஸ்பினோசாவின் கைகள்.

இந்தக் கதையைக் கேட்டதும் நம் மனம் அந்தக் கைகளிடம் ஓடிவிடுகிறது. அதைச் சற்று நிறுத்தி, அதற்கு முந்திய மாதங்களில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். மாற்று ஆட்டக்காரரின் பெஞ்ச் எப்படிப்பட்டது? உடை உடுத்த வேண்டும், கையுறை மாட்ட வேண்டும், உடலைச் சூடாக்க வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அழுக்குப் படாத சட்டையைக் கழற்றி மடிக்க வேண்டும். அடுத்த வாரமும் அதேதான். கூப்பிடுவார்கள் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கூப்பிட்டால், அந்த நொடியில் தயாராக இருந்தாக வேண்டும்.

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமை நினைவுக்கு வருகிறது. மணமகன் வர நேரமாகிறது. பத்துப் பேருமே கண்ணயர்ந்துவிடுகிறார்கள். ஐவரிடம் மட்டும் எண்ணெய் இருக்கிறது. தூங்கியதை அந்த உவமை குறையாகச் சொல்லவில்லை. காத்திருப்பில் சோர்வு வரும், கண் சொருகும். எண்ணெய் இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. யாரும் பார்க்காத பகலில், தேவைப்படுமா என்று தெரியாமலே ஊற்றி வைத்த எண்ணெய்.

இன்னொருவரையும் மறக்கலாகாது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரு கோலும் விடாமல் காத்தவர் தெ யூலிஸ். எல்லாம் முடிவாகப்போகும் நேரத்தில் இடத்தை விடச் சொன்னார்கள். அவர் மனத்தில் என்ன எழுந்தது என்பதை நாம் அறியோம். ஆனால் அந்தக் கோட்டோரத்தில் இருவர் ஒருவரை ஒருவர் கடந்தார்கள். ஒருவர் நெடுநாள் காத்த பொறுமையோடு உள்ளே போனார். மற்றவர் நெடுநேரம் உழைத்ததன் பலனை இன்னொருவர் கையில் விட்டு வெளியே வந்தார். ஏற்பதும் துறப்பதும் அந்த ஒரு கணத்தில் அருகருகே நின்றன. ஸ்பினோசா காத்தது, தெ யூலிஸ் அதுவரை காத்துவைத்ததைத்தான்.

அந்த ஊரும் காத்திருப்பு அறிந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில், சாங்ரோ ஆற்றங்கரையில் இருக்கிறது. அன்று ஐயாயிரத்துச் சொச்சம் மக்கள். 1943இன் பிற்பகுதியில் ஜெர்மானியப் படை அந்த மலைகளில் தன் குஸ்தாவ் அரண்வரிசையை அமைத்தபோது, ஊர் இடிந்து கற்குவியலானது. மக்கள் கல்லைப் பொறுக்கி வீடு கட்டினார்கள். பத்தாண்டு கழித்து, 1953இல், ஒரு கால்பந்துக் கழகமும் பிறந்தது. உள்ளூர்ப் பிரிவுகளின் அடிமட்டத்தில் அது பல்லாண்டு கிடந்தது. பிறகு படிப்படியாக ஏறியது. கடைசி இரு படிகளை 1995இலும் 1996இலும் அடுத்தடுத்துக் கடந்தது. இத்தாலியர்கள் அதை அற்புதம் என்றார்கள். அதற்கு முன் அவ்வளவு சிறிய ஊர் எதுவும் சீரி பியில் ஆடியதில்லை.

அந்த ஊர் மைதானத்தின் பெயர் தெயோஃபிலோ பத்தீனி. அவர் ஆட்டக்காரர் அல்லர், ஓவியர். 1840இல் அங்கே பிறந்தவர். ஏழைகளை வரைந்தவர். 'சுமை விலங்குகள்' என்ற அவருடைய ஓவியத்தில், விறகுக்கட்டு சுமந்து வந்த பெண்கள் மலைச்சரிவில் களைத்து அமர்ந்திருக்கிறார்கள். சுமை இன்னும் வீடு சேரவில்லை. வெற்றி கொண்டாடும் இடத்துக்கு, சுமந்தவர்களை வரைந்தவரின் பெயர் இருப்பது எனக்கு ஒரு வழிபாடுபோலவே படுகிறது.

அழைப்பு வந்த பிறகும் சுமை குறைவதில்லை. சீரி பிக்கு ஊர் மைதானம் போதாது. பெரிதாகக் கட்டும்வரை 'சொந்த ஊர்' ஆட்டங்களைக் கியேத்தி நகரில் ஆடினார்கள். அந்த 1996 டிசம்பரில் தனிலோ தி வின்செஞ்சோ, ஃபிலிப்போ பியோந்தி என்ற இரு இளம் ஆட்டக்காரர்கள் சாலை விபத்தில் இறந்தார்கள். அற்புதம் என்று கொண்டாடிய அதே ஆண்டில், அதே ஊர் சவப்பெட்டியின் பின்னால் நடந்தது. அருள் பெற்றவர் வீட்டிலும் இழவு விழும். இதற்கு விளக்கம் சொல்லப் புகுவது அந்தத் துயரத்துக்குச் செய்யும் அவமதிப்பு. உடன் நிற்கலாம், அவ்வளவே. அந்த அணி மீண்டும் களம் இறங்கியது. பருவ முடிவில் பிரிவில் தன் இடத்தைக் காத்துக்கொண்டது.

அடுத்த பருவத்தின் முடிவில், 1998இல், கீழே இறங்கியது. இறங்கிய பிறகு இத்தாலியக் கோப்பையில் இன்டர் மிலானோடு மோதும் அளவுக்கு வந்தது. 2005இல் பணமுடையில் கழகம் மூழ்கியது. மறுபடி உள்ளூர்ப் பிரிவுகள், மறுபடி அடிமட்டம்.

அப்படியென்றால் அந்த ஜூன் நாள் வீணா? பலனைக் கொண்டே அளப்பவருக்கு வீண்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்பினோசாவை அன்று கூப்பிடாமலே போயிருக்கலாம். அப்போதும் அவர் பயிற்சியில் பாய்ந்து விழுந்த ஒவ்வொரு காலையும் முழுமையாகவே இருந்திருக்கும். உலகம் அறிந்திருக்காது, அவ்வளவுதான். அழைப்பு நம் கையில் இல்லை. அது வரும், வராமலும் போகும், வந்து மறையும். எண்ணெய் நம் கையில் இருக்கிறது.

நம் வீடுகளிலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. நோயாளியின் கட்டிலருகே இரவைக் கழிப்பவர், பதில் வராத கடிதத்தை மறுபடி எழுதுபவர், தன் முறை வருமா என்று தெரியாமல் தினமும் விடியலில் எழுபவர். அவர்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோட்டோரம் தெரிகிறது. கையுறையை இறுக்கிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். இன்னும் யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை.