இரைச்சல் யாருடையது?

பழைய மெம்பிஸ் ராப் கேசட்டைப் போட்டால் பாட்டுக்கு முன்னால் காதில் விழுவது 'ஸ்ஸ்ஸ்' என்ற நாடா இரைச்சல். 1990களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கறுப்பின இளைஞர்கள் வீட்டிலேயே பதிவுசெய்து, நகலெடுத்து, தாங்களே விற்றவை இவை. ரோலாண்ட் 808இன் தாளம், திகில் படத்தில் வருவதுபோல் சுற்றிச்சுற்றி வரும் சின்ன மெட்டு, அதன்மேல் கொலை, பேய், சாத்தான் என்று முணுமுணுக்கும் குரல். 'ஹாரர்கோர்' என்பார்கள். அங்கிருந்து கிளம்பிய த்ரீ சிக்ஸ் மாஃபியா 2006இல் ஆஸ்கார் வரை போனது. மற்ற பலருடைய கேசட்டுகள் தேடி அலைபவர்களுக்கு மட்டுமே கிடைத்தன.

பொறியியல் படிப்பில் ஒரு பாலபாடம் உண்டு. அனுப்புபவர் அனுப்ப நினைத்தது சமிக்ஞை. அவர் நினைக்காமல் வந்து ஒட்டிக்கொண்டது இரைச்சல். கேசட்டை நகலெடுக்கும்போது மூல நாடாவின் இரைச்சலோடு புது நாடாவின் இரைச்சலும் சேரும். இரண்டும் சம அளவென்றால் 3 டெசிபல் கூடும். நகலுக்கு நகல் எடுத்தால் இன்னும் கூடும், மேல்ஸ்தாயி மங்கும். அந்த இருண்ட ஒலியில் ஒரு பங்கு அவர்களுடைய ரசனை. இன்னொரு பங்கு, கையில் காசில்லாததன் சத்தம்.

இன்று அந்த ஒலியிலிருந்து 'ஃபோங்க்' என்ற வகையே கிளைத்திருக்கிறது. பழைய கேசட்டிலிருந்து ஒரு வரியை வெட்டி, சொல் புரியாத அளவுக்கு நசுக்கி, கார் சறுக்கும் காணொளிகளுக்குப் பின்னணியாக்குகிறார்கள். சுத்தமாகப் பதிவான பாட்டில் நாடா இரைச்சலைச் சேர்க்கவே மென்பொருள் விற்கிறது. வேலை முடிந்து நெடுஞ்சாலையில் வரும்போது நானும் இதைத்தான் கேட்கிறேன். நல்லாத்தான் இருக்கு. ஆனால் இங்கே பாலபாடம் தலைகீழாகிவிட்டது. அவர் நினைக்காத இரைச்சலைச் சமிக்ஞையாக வைத்துக்கொண்டு, அவர் சொல்லவந்த சொல்லை இரைச்சலாக்கிவிட்டோம்.

"வரிய யாரு கேக்குறா லா, பீட்டுதான்" என்கிறான் நண்பன். அந்த வரிகளைக் கேட்காமலிருப்பதே நல்லது என்றும் வாதிடலாம். பெண்களைப் பற்றி வரும் பல வரிகள் எனக்குக் கூசுகின்றன. கலை என்று சொல்லி அதைக் கழுவிவிட முடியாது. ஆனாலும் ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டு 'இது தப்பு' என்று சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. அவரைப் பேசத் தெரிந்த மனிதராக எண்ணித்தான் சண்டைக்குப் போகிறோம். சொல்லை எறிந்துவிட்டுக் கரகரப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், அவருடைய இல்லாமை நம் வீட்டு அலங்காரமாகிவிடுகிறது.

1968இல் இதே மெம்பிஸில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் ஏந்திய அட்டைகளில் 'நான் ஒரு மனிதன்' என்றே எழுதியிருந்தது. கேசட்டில் பேசுபவர்களைத் தியாகிகளாக்க நான் வரவில்லை. காதில் விழாமல் போவது அந்த ஊருக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

ரசிக்கக் கூடாது என்பதில்லை. குரல் யாருடையது என்று தேடலாம். பகிரும்போது பெயரையும் போடலாம். ஒரு தடவையாவது வரிகளை முழுசா கேட்கலாம். அதற்குப் பிறகும் பிடித்தால் பிடிக்கட்டும். பிடிக்காமல் போனால், அப்போதாவது அவர் பேசியது நம் காதில் விழுந்திருக்கிறது.